காண்டாமிருகம் வந்த ஆண்டு

கடைசிக் கேள்விக்கு முன் இருவருக்கும் இருபத்தொரு புள்ளிகள். இராஜேஸ்வரிக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டன. மேசையிலிருந்த மணியை அழுத்தும்போது விரல் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பரமட்டா புறநகரில் சீன நட்புறவுச் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் நடத்தும் வினாடிவினாவின் இறுதிச் சுற்று அது. பொருள், சின் வம்சமும் ஹான் வம்சமும். பரிசு, சின் பேரரசரின் சுடுமண் படை புதைந்திருந்த சியான் நகரத்துக்கு இரண்டு பேருக்கான பயணம். எதிரே இருந்தவர் லியாங், ஓய்வுபெற்ற பொறியாளர். மூன்று வருடமாக அவரை யாரும் அசைக்கவில்லை. இந்தப் பக்கம், பக்கத்து நார்த்மீட்டிலிருந்து வந்திருந்த ஐம்பத்து மூன்று வயது யாழ்ப்பாணத்துப் பெண். அவள் எப்படி இங்கே வந்தாள் என்று மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை.

அவள் வேர்ஹவுஸில் மருந்துப் பெட்டிகளை அடுக்குகிறவள். ஆறு வருடத்துக்கு முன், வேலை அலுப்புத் தெரியாமலிருக்கக் காதில் ஏதாவது கேட்கலாம் என்று போனில் தேடியபோது, சீன வரலாறு சொல்லும் ஒரு தொடர் அகப்பட்டது. முதல் நாள் சின் பேரரசர் ஆறு நாடுகளையும் விழுங்கினார். இரண்டாம் நாள் அவர் வழியிலேயே இறந்துபோக, அந்தச் செய்தியை மறைக்க மந்திரிகள் பிணத்தின் நாற்றத்துக்குத் துணையாக வண்டி நிறையக் கருவாடு ஏற்றினார்கள். பெட்டிகளுக்கு நடுவே அவள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் ஓடிவந்து பார்த்தார். அதன்பிறகு அவளால் விட முடியவில்லை. வீட்டில் சமைக்கும்போதுகூட ஹான் வம்சத்து லூ மகாராணியின் சூழ்ச்சிகளைக் கணவர் இந்திரகுமாருக்குச் சொல்வாள். "உமக்கு அந்தச் சனத்தோடை என்னப்பா கதை?" என்று கேட்டபடியே, மிச்சக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் அவர் குசினியை விட்டுப் போவார். போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தது மகள் லக்சிகா.

இன்று சின் காலத்துக் கேள்விகளை லியாங் அள்ளிக்கொண்டு போனார். ஹான் தொடங்கியதும் இவள் துரத்தினாள். மேற்கே தூது போய்ப் பகைவரிடம் பத்து வருடம் சிறைப்பட்டிருந்த ஜாங் சியனின் பெயரைச் சொல்லித்தான் சமநிலைக்கு வந்திருந்தாள்.

தொகுப்பாளர் கடைசி அட்டையை எடுத்தார். "தென்கடலுக்கு அப்பாலிருந்த ஹுவாங்ஜி நாடு உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைச் சீன அரசவைக்கு அனுப்பியது. அப்போது அரியணையில் இருந்த பேரரசர் யார்?"

இராஜேஸ்வரியின் விரல் தானாகவே மணியை அடித்துவிட்டது. ஹுவாங்ஜி என்பது காஞ்சிபுரமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்ட நாளில், தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை ஐந்து முறை திருப்பிக் கேட்டவள் அவள்.

"பிங் பேரரசர்."

"தவறு" என்றார் தொகுப்பாளர்.

மண்டபம் பெருமூச்சு விட்டது. வாய்ப்பு இப்போது லியாங்குக்கு. வேறு எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அந்தக் காண்டாமிருகத்தைக் கேட்டு வாங்கிய ஆள் யாரென்று அறியாதவரா அவர்? லியாங் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"பிங் பேரரசர்" என்றார்.

"ஐயா, அது தவறு என்று இப்போதுதானே சொன்னேன்?"

"கேட்டேன். என் பதிலும் அதுதான்."

தொகுப்பாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் வாங் மாங் என்று இருக்கிறது."

"ஐயோ, பிழை!" இராஜேஸ்வரி எழுந்தே விட்டாள். பதற்றத்தில் ஆங்கிலம் எங்கோ ஓடிவிட, தமிழ்தான் கொட்டியது. "காண்டாமிருகம் வரேக்கை வாங் மாங் ராசா இல்லை. சிங்காசனத்திலை இருந்தது பத்து வயசுப் பிள்ளை. பின்னுக்கு நிண்டு ஆட்டினவர்தான் வாங் மாங். பரிசுகளை அனுப்பி, 'மிருகத்தை அனுப்புங்கோ' எண்டு கேட்டதும் அவர்தான். தன்ரை பெருமை உலகத்துக்குத் தெரியவேணுமெண்டு. ஆனா முடி சூடினது ஏழு வருசம் கழிச்சு."

இரண்டாவது வரிசையில் லக்சிகா எழுந்து நின்று, அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னாள். லியாங் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார்.

ஓர மேசையில் இருந்த நடுவர் மடிக்கணினியைத் திறந்தார். பல்கலைக்கழகத்தில் ஆசிய வரலாறு கற்பிக்கும் பெண்மணி அவர். இராஜேஸ்வரி உட்கார மறந்து நின்றாள்.

நடுவர் நிமிர்ந்தார். "காண்டாமிருகம் வந்தது கிபி இரண்டாம் ஆண்டு. வாங் மாங் பேரரசரானது ஒன்பதாம் ஆண்டு. அட்டையில்தான் பிழை. முதலில் சரியாகச் சொன்னவருக்கே புள்ளி."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. லக்சிகா இருக்கைகளைத் தாண்டி ஓடிவந்தாள். லியாங் மேசையைச் சுற்றி வந்து இரண்டு கைகளாலும் இராஜேஸ்வரியின் கையைப் பிடித்தார்.

"நீங்கள் வாங் மாங் என்று சொல்லியிருந்தால் வென்றிருப்பீர்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள், மூச்சு வாங்க.

"அட்டையில் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தேன்" என்றார் அவர். "தெரிந்தே பிழையான பேரரசரைச் சொல்லி என்னால் வெல்ல முடியாது. அடுத்த வருடம் சரியான பெயரைச் சொல்லி உங்களைத் தோற்கடிக்கிறேன்."

"வாங்கோ பாப்பம்" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

இந்திரகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டியிருந்தது.

"என்னப்பா, வாறியளோ சியானுக்கு?" என்று அவரைக் கேட்டாள்.

"ஓம், வாறன். அந்தக் கருவாட்டு ராசாவின்ரை மண் பட்டாளத்தை நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

இராஜேஸ்வரி அங்கேயே நின்று போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சூப்பர்வைசருக்கு அழைத்து, மூன்று வாரம் லீவு வேண்டும் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார். அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.