மாட்டிப்போட்டனுங்க மாமா

"தொடாதீங்க மாமா! அந்த ஓட்டை வயரை எங்கப்பன் பெட்டிக்கு முன்னால மாட்டுனீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவன்!"

"கத்தாதடா ஜோஸ் கண்ணு. பாட்டுக் கேட்டாப் போதாதா? எந்த வயரா இருந்தா என்ன?"

எந்த வயரா இருந்தா என்ன! அந்தச் சாவு வீட்டில் ஆரோன் சொல்லியிருக்கக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான். புலியகுளத்தில் அந்தச் சந்துக்கே இது தெரியும். எதிர்வீட்டு நஞ்சம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மரியஅந்தோணி, கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். ஆரோன் அவருடைய மச்சினன், மனைவி ஜெபராணியின் தம்பி, ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறவர். இரண்டும் பழகிய காதுகள். ஒன்றுக்கொன்று ஆகாத காதுகள். ஸ்பீக்கருக்குப் போகிற வயர் மாறினால் பாட்டே மாறிவிடும் என்பார் அந்தோணி. சாரைப்பாம்புப் பருமனில் ஒன்றை வாங்கி, தினமும் துண்டால் துடைப்பார். வீட்டில் யாராவது அதைத் தாண்டினால் செருப்பு பறக்கும். எல்லாம் மனப்பிராந்தி என்பார் ஆரோன்.

போன ஈஸ்டர் முடிந்த கையோடு, பாடகர் குழு முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சோதனை நடந்தது. திரைக்குப் பின்னால் அந்தோணியின் மகள் கெசியா. வயரைக் கழற்றி அதையே திரும்ப மாட்டலாம், இல்லை வேறொன்றை மாற்றலாம், அவள் இஷ்டம். அந்தோணி கண்ணை மூடிக் கேட்டார்.

"மாறலை. அதே வயருதான்."

"என்ன கண்ணு பண்ணுன?" என்றார் ஆரோன், திரையைப் பார்த்து.

"மாட்டிப்போட்டனுங்க மாமா."

"கேட்டீங்களா மச்சான்? மாத்திப்போட்டாளாமா!"

குழு கொல்லென்று சிரித்தது. வயருக்கு வயர் வித்தியாசம் பேசிய இரண்டு பேருக்கும் ட்டுக்கும் த்துக்கும் வித்தியாசம் கேட்கவில்லை. கெசியா திரையை விலக்குவதற்குள் அப்பாவின் கை மாமாவின் தொண்டையில் இருந்தது. ஸ்பீக்கர் சாய்ந்து, வயரெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எது மாட்டியிருந்தது என்று சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

அவள் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் பாட்டில்லை, செருப்பும் பறக்கவில்லை. அம்மா நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கெசியா தள்ளிப்போட்டாள். அப்பா கோயில் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்து, மழைக்காலத்தில் ஒருநாள் எழுந்திருக்கவில்லை.

"சிரிச்சே கொன்னுபோட்டீங்களே!"

கெசியாவின் அண்ணன் ஜோஸ், அப்பாவின் தடித்த வயரை மாமாவின் கழுத்தில் சுற்றி இறுக்கினான். ஆரோனின் நெற்றி ஐஸ் பெட்டியில் மோதி, கண்ணாடியில் ரத்தம் வழிந்தது. பெட்டி ஆடிய ஆட்டத்தில் உள்ளே அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, காது கொடுப்பதுபோல.

"உடுடா! செத்துப்போயிருவான்டா!" ஜெபராணி மகனின் முதுகில் குத்தினாள். ஆரோனின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நான் மாத்தலை!" என்று கெசியா அலறினாள். "மாட்டுனன்னுதான் சொன்னன். அதே வயரை! அப்பா சொன்னதுதான் சரி!"

வயர் தளர்ந்தது. ஆரோன் இருமிக்கொண்டே தரையில் சரிந்தார்.

"அன்னைக்கே ஏன்டி சொல்லலை?" என்றான் ஜோஸ்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஜெபராணி தரையைப் பார்த்தாள்.

ஜோஸின் கை அவளுடைய இடது காதில் இறங்கியது. பிறகு ஃபாதர் வந்தார், பாட்டும் பாடியது. எந்த வயரில் என்று நஞ்சம்மாளைக் கேட்டால் சொல்வாள். கெசியாவுக்கு ஙொய் என்ற சத்தம் மட்டும்தான்.

ஆரோன் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பூட்டிவிட்டு, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு பார்க்கிறார்; கழுத்தில் துண்டில்லாமல் வெளியே வருவதில்லை. ஜோஸ் துபாய்க்குப் போனவன்தான். கெசியாவை உடுமலையில் கட்டிக்கொடுத்தார்கள், அம்மாவும் அவளோடுதான். மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்று கேள்வி.

"போனைச் சார்ஜுல மாட்டியாச்சா அம்மணி?" என்று கேட்பாராம். பதில் வராது. கேட்காத காதுப் பக்கம் நின்றுவிட்டோம்போல என்று மறுபக்கம் சுற்றி வந்து, அதையே இன்னொரு தரம் கேட்பார். அவள் அந்த வார்த்தையை வாயில் எடுக்காமல், வயரோடு போனைத் தூக்கிக் காட்டுவாள்.