பூசையில் வைத்த வளையம்

அந்த வளையம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து முத்துராணிக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. பூசை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். விஜயதசமி அன்று பாளையங்கோட்டையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நடுவில் பிள்ளை பழகாமல் இருந்தால் சரிவராது என்று விளையாட்டு டீச்சர் கோமு, ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சாமான்களை முத்துராணியின் மகள் முப்பிடாதியிடமே கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு பெரிய பிளாஸ்டிக் வளையம், ஒரு பந்து, குச்சியில் கோத்த நீளமான சாட்டின் ரிப்பன். பள்ளிக்கூடத்துக்கே இருப்பது இந்த ஒரு செட்டுதான். அதைக் கொண்டுவந்து ஒற்றை அறை வீட்டில், அதுவும் தன் தலையில் கட்டினால் ஒரு தாய் என்னதான் செய்வாள்?

விக்கிரமசிங்கபுரத்தில் இந்த விளையாட்டைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. மில் தொழிலாளி வன்னியராஜின் மகள் ரிப்பனைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஓடியபோது, எதிர்வீட்டுக்காரி பட்டம் அறுந்துபோச்சா என்று விசாரித்தாள். முப்பிடாதி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, டீச்சர் சொன்னதை ஒப்பித்தாள்.

"எம்மா, ரிப்பனை மடிக்கவே கூடாது. சுருட்டித்தான் வைக்கணும். மடிப்பு விழுந்துட்டா சுழி வராது. பந்துல எண்ணெய்க் கை படக் கூடாது. வளையத்த ஆணியில மாட்டக் கூடாது, செவுத்துல சாத்தவும் கூடாது. படுக்கப்போட்டுத்தான் வைக்கணும். சூடு பட்டா கோணிக்கிடும்."

"கோணுனா என்னட்டி? கையாலயே நிமித்திர மாட்டியா?"

"கோணுன வளையம் நேரா உருளாதும்மா. கோட்டைத் தாண்டி வெளிய போயிரும். மார்க்கு போச்சு."

அவ்வளவு அகலமான ஒன்றைப் படுக்கப்போட அந்த வீட்டில் இடம் ஏது? கட்டிலுக்கு அடியில்தான். அங்கே கிடந்த டிரங்குப் பெட்டி அடுப்படிக்குப் போனது. போகிற வருகிற எல்லாருடைய கால் விரலும் அதில் இடித்தது. வன்னியராஜ் மட்டும் எரிச்சல்படவில்லை. மகள் கையில் ஒரு தொழில் சாமான் வந்திருக்கிறது என்று அவனுக்கு உள்ளூர ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் ஆயுத பூசை அன்றைக்கு வினையாக முடிந்தது.

காலையில் முப்பிடாதி ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். முத்துராணி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மணி அடித்தது. வன்னியராஜ் சூடம் காட்டக் கூப்பிடுகிறான் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சரஸ்வதி படத்துக்குப் பின்னால், சுவரில், ஆணியில் தொங்கியது வளையம். கோயிலில் சாமிக்குப் பின்னால் இருக்குமே திருவாசி, அப்படி. அதன்மேல் கனத்த செவ்வந்தி மாலை. அதற்கு நேர் கீழே, திரியைத் தாராளமாக இழுத்துவிட்ட குத்துவிளக்கு. தாம்பாளத்தில் பந்து, நெற்றியில் பொட்டு வைத்த பிள்ளையைப் போலச் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. சுருட்டிய ரிப்பன் பாடப் புத்தகங்களின் மேல் இருந்தது. ஸ்பேனரும் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன.

"எப்படி? இந்த வருசம் சாமிக்குத் திருவாசியே வச்சாச்சு பாத்தியா!" என்றான் வன்னியராஜ்.

"அதத் தொங்கவிடக் கூடாதாம்லா. டீச்சர் சொல்லியிருக்காவ."

"ஏளா, தொங்கவா விட்டுருக்கு? சாமிக்குல்லா மாட்டியிருக்கு." சொல்லிவிட்டுச் சூடத்தைக் கண்ணில் ஒற்றச் சொன்னான். ஒற்றிக்கொண்டாள். பூசை முடிந்தது. இனி மறுநாள் காலை மறுபூசை போடுகிறவரை எதையும் யாரும் தொடக் கூடாது.

மற்ற வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு ஏனோதானோ என்றுதான் இருக்கும். பேனா வேண்டுமென்றால் நைசாக எடுத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் அது நடக்காது. வன்னியராஜின் அண்ணன் செந்தூர்பாண்டி பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டியவன். அவசர வேலை என்று ஒரு வருடம் மறுபூசைக்கு முன்னாலேயே மிஷினைத் தொட்டான். அன்றைக்கே வலது கையில் இரண்டு விரல் போயிற்று. தூக்கக் கலக்கத்தில் கையை விட்டிருப்பான் என்று சொல்ல ஆள் உண்டுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வன்னியராஜிடம் அதை யார் போய்ச் சொல்வது? முத்துராணியும் அந்தக் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தவள்தான். அவளுக்கும் பயம் உண்டு.

குளித்துவிட்டு வந்த முப்பிடாதி வளையத்தைப் பார்த்தாள். அப்பாவின் சிரித்த முகத்தையும் பார்த்தாள். அடுப்படிக்கு வந்து அம்மாவின் காதருகில், "எம்மா, இன்னைக்குப் பழகவும் முடியாதா?" என்றாள். முத்துராணி சுண்டலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

மதியம் வன்னியராஜ் மில்லில் நடக்கும் பூசைக்குப் போனான். முப்பிடாதி சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். பிறகு எழுந்து சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். முத்துராணி தனியாக வளையத்துக்கு எதிரே நின்றாள்.

மேலே தகரக் கூரை கொதித்தது. கீழே விளக்கு எரிந்தது. ஆணியில் இருந்த இடத்தில் வளையம் லேசாக ஒடுங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஒடுங்கித்தான் இருந்தது. மாலையின் கனத்தில் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டும் தெரிந்தது. ராத்திரி முழுக்க இப்படியே கிடந்தால் காலையில் வளையமாகவா இருக்கும், பூசணிக்காயாகத்தான் இருக்கும்.

கையை நீட்டினாள். செந்தூர்பாண்டியின் விரல் போன கை ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். தொட்டு, நாளைக்கு அந்தரத்தில் குதிக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கால் பிசகினால்? தொடாமல் விட்டு, கோணல் வளையத்தோடு எல்லார் முன்னாலும் பிள்ளை தலைகுனிந்து நின்றால்? எந்தப் பக்கம் போனாலும் பழி தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. புறவாசலுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வளையம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது போல இருந்தது. அது நிஜமோ, பயமோ, யாருக்குத் தெரியும்.

"தாயே, பிள்ளைக்காகத்தான் தொடுதேன். கோவிச்சுக்கிடாத" என்று வாய்விட்டே சொன்னாள். முதலில் விளக்கைத் தள்ளி வைத்தாள். பிறகு மாலையைக் கழற்றி, வளையத்தைப் பைய இறக்கினாள். கட்டிலுக்கு அடியில் தள்ள மனம் துணியவில்லை. தரையைத் துடைத்து, கோலம் போடுகிற இடத்தில் அதைப் படுக்கப்போட்டாள். படம், புத்தகங்கள், தாம்பாளம் எல்லாவற்றையும் வளையத்துக்கு உள்ளேயே தூக்கி வைத்தாள். வளையம் பூசைக்கு வெளியேயும் போகவில்லை, ஆணியிலும் இல்லை. சாமியை ஏமாற்றுகிறோமோ என்று ஒரு பக்கம் உறுத்தியது. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பொரிப் பொட்டலத்தோடு வன்னியராஜ் சீக்கிரமே திரும்பிவிட்டான். உள்ளே போனவன் சத்தமே காட்டவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு. எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"நாந்தான் தொட்டேன். கோணிக்கிட்டு வந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மில்லுக்குப் போவும்போதே பாத்தேன். ஆணிகிட்ட ஒடுங்குன மாரி இருந்துச்சு. எறக்கத்தான் கை போச்சு. அண்ணன் கைய நெனச்சேன், ஓடிட்டேன்." பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். "பூசையில நிக்கவே முடியல முத்து. பாதியிலயே வந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து முப்பிடாதி உள்ளே வந்தாள். தரையில் கிடந்த வளையத்தைப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. சரஸ்வதி படத்துக்கு மேலாகப் பூப்போல அதைத் தூக்கிக்கொண்டு விடுவிடென்று தெருவுக்குப் போனாள். நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றுவதற்குள் அவள் வெளியே போய்விட்டாள். வன்னியராஜ் பின்னாலேயே ஓடினான். முத்துராணி வாசல் வரை வந்தாள்.

தெருவில் அவள் குனிந்து வளையத்தை உருட்டினாள். கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று. ஒடுங்கிய இடம் தரையில் பட்டபோதெல்லாம் ஒரு துள்ளு துள்ளியது. அப்படியே இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் சாய்ந்தது. முத்துராணி தெரியாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

முப்பிடாதி அழவில்லை. வளையத்தை எடுத்துத் துடைத்தாள். "இடது பக்கம் இழுக்குது. கொஞ்சம் வலது பக்கமாச் சாச்சு விட்டா நேராப் போவும்னு நெனக்கேன். எப்பா, இன்னைக்கு விட்டுப் பாத்துப் பழகுனாத்தான் நாளைக்குக் கை வரும். இல்லன்னா வராது." பிறகு குரல் இறங்கியது. "உள்ள கொண்டு வைக்கட்டுமாப்பா?"

வன்னியராஜ் மனைவியைப் பார்த்தான். முத்துராணி வளையத்தையே பார்த்தாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். தெருவின் அந்தக் கோடிக்கு நடந்து போய், சாக்கடைக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றுகொண்டான்.

"உருட்டுட்டி" என்றான். "சாக்கடைல விழாம நான் பிடிச்சுக்கிடுதேன்."

வளையம் துள்ளித் துள்ளி வந்தது. வெறும் இரண்டு கையாலும் அதை அவன் பிடித்தான். தன் விரல்களை ஒரு தரம் பார்த்துவிட்டு மகளிடம் திருப்பி உருட்டிவிட்டான். அவள் மறுபடி விட்டாள். அவன் மறுபடி பிடித்தான். வாசலில் நின்ற முத்துராணிக்குப் பயம் துளியும் குறையவில்லை. வருவது எதுவானாலும் மூன்று பேருக்கும் சேர்ந்தே வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு, அவளும் வளையத்தைப் பிடிக்கத் தெருவில் இறங்கினாள்.