அரிசி வாளிக்குள் ரொக்கெற்

என் மகள் நளாயினி செய்த ரொக்கெற் ஓர் அங்குலமும் மேலே போகாது. மேலே போகட்டும் என்று அவள் அதைச் செய்யவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னபோது ஒருவரும் காது கொடுக்கவில்லை.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து, பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் மஹய்யாவப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டிலேயே தங்கிப்போனோம். நளாயினி ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். அவளோடு படிப்பிக்கிற பெண்கள் சாறிக்கடை ஏறி இறங்க, இவள் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையோடு வந்தாள். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சற்றேர்ன் ரொக்கெற்றின் வரைபடம் அளவுகளோடு அதில் இருந்தது. அன்றோடு எங்கள் சாப்பாட்டு மேசை பறிபோனது. நானும் மனைவி தவமணியும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினோம்.

எல்லாம் நூற்றில் ஒன்று என்பது அவளுடைய கணக்கு. உண்மை ரொக்கெற்றில் ஒரு மீற்றர் என்றால் இவளுடையதில் ஒரு சென்ரிமீற்றர். பால்மா ரின்னைச் சுற்றித் தடித்த காகிதத்தை ஒட்டி உருளை செய்தாள். அது மயிரிழை கூடிப்போய்விட்டது என்று அத்தனை நாள் வேலையையும் கிழித்து எறிந்தாள். உண்மை ரொக்கெற்றின் உடம்பில் நெடுக ஓடும் வரிகளுக்காகத் தையல் நூலை ஒவ்வொன்றாக நீட்டி ஒட்டினாள். பசையைக் கரப்பான் தின்னாதிருக்க மயில்துத்தம் கலந்தாள். அந்த நீலத் தூள் மேசைவிரிப்பில் பட்டதற்குத் தவமணி போட்ட சத்தம் றோட்டுக்குக் கேட்டது.

"பிள்ளை, இவ்வளவு பாடுபடுறாய். இது எப்ப கிளம்பும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது கிளம்பாது அப்பா. நிக்கும்."

"நிக்கிறதுக்கு ஒரு கதிரை செய்திருக்கலாமே. ஆரும் இருந்திருப்பினம்."

"தபாற்காரருக்கு உது விளங்காது. போங்கோ, போய்ப் பேப்பரைப் படியுங்கோ."

அவளுக்கு வாய் அப்படி. யாருக்கும் பதில் பாக்கி வைக்க மாட்டாள். எனக்குக் கோபம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். பெண்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவன் நான்.

வேலை முடிந்தபோது அது என் இடுப்புக்கு மேலே நின்றது. வெள்ளையும் கறுப்பும் பூசி, அடியில் தகரத்தில் ஐந்து குழல், உச்சியில் ஊசிகளால் ஒரு சின்னக் கோபுரம். உண்மை ரொக்கெற் போகப் போகப் பகுதி பகுதியாகக் கழன்று விழுமாம். அதனால் இதையும் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டலாம். ஹோல் மூலையில் வாசலுக்கு நேரே அதை நிறுத்தினாள்.

அந்த வருஷம் ஆமி ஒரு தரம் வீடு வீடாகப் பார்த்து வந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த ஓர் இளம் சிப்பாய் ரொக்கெற்றைக் கண்டு துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு அதற்கு முன்னால் குந்தினான். இது மேலே போகுமா என்று சிங்களத்தில் கேட்டான். போகாது தம்பி, சும்மா அழகுக்கு என்றாள் நளாயினி. விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு அவன் போனான். வெளிச்சத்தில் முழுசாக நின்றவரைக்கும் அதை யாரும் வேறொன்றாக நினைக்கவில்லை. முழுதாக நிற்கிற ரொக்கெற்றை ரொக்கெற் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு புத்தரின் பல் வைத்திருக்கும் மாளிகையில் குண்டு வெடித்தது. கண்டியில் தமிழன் என்று வாய் திறக்கவே பயந்த நாட்கள் அவை. இளசுகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்ற கதை நாள்தோறும் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பின்வீட்டு ஆஸியா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தவமணி, மேல் ரோட்ல செக் பண்ணிட்டு வாராங்க புள்ள. ஐடென்டி கார்ட எல்லாம் கையில எடுத்து வெச்சிக்கங்க."

நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். நளாயினி பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தாள். வீட்டுக்குள் தவமணி தனியே.

தவமணியைத் திட்ட எனக்கு வாய் வராது. ஊரில் அவளுடைய தமக்கை வீட்டில் ஆமி தேடியபோது அலுமாரிக்கு மேல் கிடந்த ஒரு துண்டு வயரைக் கண்டு தமக்கையின் மருமகனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஊரில் எல்லா வீடுகளிலும் ஆமி என்றதும் முதல் வேலை ஒளிப்பதுதான். ரேடியோவை ஒளி, பற்றறியை ஒளி, பெடியன்களின் படத்தை ஒளி. அந்தப் பாடத்தை அவள் கண்டிக்கும் கொண்டுவந்திருந்தாள். மகள் கழற்றுவதைப் பலநாள் பார்த்திருந்ததால், ஒரு சேதமும் இல்லாமல் ரொக்கெற்றைக் கழற்றினாள். மேல் பகுதியைப் பழைய சேலையில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தாள். நடுப்பகுதி விறகுக்குள் போனது. தகரக் குழல்கள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். வரைபடம் மெத்தைக்குக் கீழே. மயில்துத்தப் போத்தலையும் விடவில்லை, அது மாவுக்குள்.

தலை துடைத்துக்கொண்டு வந்தவன் வெறும் மூலையைக் கண்டேன்.

"எங்கையப்பா அது?" என்று தவமணியைக் கேட்டேன்.

"கழட்டி ஒளிச்சிட்டன்."

"உமக்கென்ன விசரே? அது சும்மா நிண்டால் பொம்மை. உதைப்போய்..."

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது. கண்ணிலை பட்டால்தானே கேப்பாங்கள்" என்றாள். நான் விறகுப் பக்கம் ஓடினேன். எடுத்துப் பூட்டிவிடலாம் என்றுதான் ஓடினேன். அதற்குள் கேற் திறந்த சத்தம் கேட்டது. ஆமிக்காரரும் பொலிசும் வந்தார்கள், அவர்களோடு வழியில் மறிக்கப்பட்ட நளாயினியும் வந்தாள்.

அரிசிக்குள் கைவிட்ட சிப்பாய் குழாயின் நுனியைத் தொட்டான். தொட்டதும் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தான். எல்லோரும் பாய்ந்தார்கள். துவக்கோடு வந்த அத்தனை பேரும் எங்கள் குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார்கள். வேறொரு நாளென்றால் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். பிறகு ஒருவன் நீளத் தடியால் கிளறி எடுத்தான். ஒன்று அகப்பட்டதும் வீட்டைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். குழாய், தகரக் குழல், நீலத் தூள், இலக்கங்கள் நிறைந்த வரைபடம். தனித்தனியாக முற்றத்தில் அடுக்கி வைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கே அவற்றைப் பார்க்கப் பயமாயிருந்தது.

சாமான்களோடு எங்கள் மூவரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதரல்ல. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். சாமான்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, "விளையாட்டுச் சாமான் என்கிறாய். பூட்டிக் காட்டு" என்று நளாயினிக்குச் சொன்னார். எனக்குக் கந்தோரில் பழகிய சிங்களம், எல்லாம் விளங்கியது.

அவள் பூட்டினாள். ஒட்டியிருந்த சேலை நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள், அரிசியை ஊதித் தள்ளினாள். பகுதிக்கு மேல் பகுதி ஏறியது. கடைசியில் ஊசிக் கோபுரத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொலிஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "லஸ்ஸணய்" என்றார். அழகாயிருக்கிறது என்கிறார். முடிந்தது அலுவல், வீட்டுக்குப் போகலாம் என்று நான் குடையைத் தேடினேன்.

அப்போதுதான் அவர் கேட்டார். "இவ்வளவு அழகான சாமானை அரிசிக்குள் ஒளித்தது யார்?"

தவமணி "மமய்" என்றாள். நான்தான் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான், அது உண்மையும்தான். அதே மூச்சில் நானும் "மமய்" என்றேன். கிழவன் நான், பென்சன்காரன், என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம், ஒருநாளும் தாங்கமாட்டா என்று நளாயினி நினைத்திருக்கிறாள். அவளும் "மமய்" என்றாள்.

மூன்று குரலும் ஒன்றாக விழுந்தன. இன்ஸ்பெக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"காகிதப் பொம்மைக்காக மூன்று பேர் மறியல் வீட்டுக்குப் போகப் போட்டி போடுகிறீர்கள். அப்படியென்றால் இது வெறும் பொம்மையல்ல. இதற்குப் பின்னால் வேறென்னவோ இருக்கிறது."

இல்லை என்று மூவரும் கத்தினோம். கத்தக் கத்த அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்த்து நாங்களே வெளியே வரும் கதவைப் பூட்டினோம். வயதுபோனவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். இளையவளை வைத்துக்கொண்டார்.

வக்கீல் ராஜரத்தினம் தெரிந்தவர். பொருளில் பிழையில்லை, ஒளித்ததும் மூன்று கதை சொன்னதும்தான் பிழை என்றார். தடுப்புக் கட்டளையில் ஒருமுறை கையெழுத்து விழுந்தால் எடுப்பது லேசில்லை என்றும் சொன்னார். தவமணி எனக்குச் சொல்லாமல் தனியே பொலிசுக்குப் போனாள். நான்தான் ஒளித்தேன், என்னைப் பிடியுங்கோ, பிள்ளையை விடுங்கோ என்று அழுதிருக்கிறாள். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரன் மொழிபெயர்த்தானாம். எந்தத் தாயும் அப்படித்தானே சொல்லுவாள் என்று ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லியும் நம்பவில்லையே என்று வந்து படுத்தவள், அந்தக் கிழமை முழுவதும் எழும்பவில்லை.

மகளைப் பார்க்க அனுமதி கேட்டு நானும் அங்கே போக வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரின் அறையில், இரும்பு அலுமாரிக்கு மேல், ரொக்கெற் நின்றது. தூசு தட்டி, கீழே வெள்ளைத் துணி விரித்து அழகுக்கு வைத்திருந்தார். அதைச் செய்தவள் பயங்கரவாதி என்று உள்ளே கிடக்க, அது அலங்காரமாக வெளியே நின்றது. நான் கோபக்காரன் என்று ஊரறியும். அன்றைக்கு அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, கும்பிட்டு, அனுமதித் துண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொழும்புச் சிறையில் மறியல். மாதத்துக்கொரு தரம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிப் போவோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் நல்லாயிருக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்பாள். முதலில் சிரித்துச் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அதற்கும் பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். உள்ளே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தவமணி மட்டும் போன தரமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாலைதானே பிள்ளை" என்று அழுவாள்.

வருஷங்கள் போனபின் வழக்கு ஒன்றும் இல்லையென்று விட்டார்கள். ஒன்றும் இல்லை என்பதை நாங்கள் முதல்நாளே சொன்னோம். பஸ்ஸில் கூட்டி வந்தேன். கடுகண்ணாவ ஏற்றத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. யன்னலைச் சாத்தட்டோ என்று கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றாள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. தவமணி வைப்பதைச் சாப்பிடுவாள், ஹோலில் கதிரையில் இருந்து றோட்டைப் பார்ப்பாள். வந்த மறுநாள் நான் கடைக்குப் போய்விட்டு முன்கதவால் உள்ளே வந்தேன். என் மகள் சட்டென்று எழும்பினாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, இரு" என்றேன். இருந்தாள்.

மத்தியானம் மறுபடி வந்தேன். மறுபடி எழும்பினாள். அப்பாதானே பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், ஒருநாள் அவள் காலடியில் இருந்து அழுதும் பார்த்தேன். தலையாட்டுவாள். அடுத்த முறை காலடிச் சத்தம் கேட்டதும் எழும்பிவிடுவாள். இருக்கச் சொல்லும்வரைக்கும் அப்படியே நிற்பாள்.

அதனால் நான் இப்போது முன்கதவால் வருவதில்லை. வீட்டைச் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குசினிக் கதவால் சத்தமில்லாமல் உள்ளே வருகிறேன். குசினியிலேயே இருந்து பேப்பரைப் படிக்கிறேன். ஹோலில் என் மகள் இருக்கட்டும்.