மோட்டார் தின்னும் மோகினி

திருவள்ளூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியிலிருந்து வெளிவந்த 'எட்டுத்திக்கு எரிமலை' வாரப் பத்திரிகைக்கு நிருபர் என்று இருந்தது கிறிஸ்டினா ஒருத்திதான். ஆசிரியர், முதலாளி, விளம்பரம் பிடிப்பவர் எல்லாமே சடையப்பன். கள்ளக்காதல், போலிச் சாமியார், பேய் இவற்றில் ஒன்றாவது அட்டையில் இருந்தால்தான் இதழ் நகரும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

கிறிஸ்டினாவின் வீடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்தது. வாசலில் ஓடும் கால்வாய் திங்கட்கிழமை நீலமாக ஓடினால் வியாழக்கிழமை மஞ்சளாக ஓடும். அதைத் தெளிய வைக்கத்தான் போன வருஷம் ஓர் அமைச்சர் வந்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். மாலை, மேளம், பட்டாசு எல்லாம் ஆயிற்று. கால்வாய் மட்டும் பழையபடி கலர் மாற்றிக்கொண்டே இருந்தது.

"ரிப்போர்ட்டருன்னு சொல்லிக்கினு ஊரெல்லாம் சுத்தற. பக்கத்துல இருக்கற அந்த நெலயம் ஓடுதா இல்லியான்னு ஒரு தபா பாத்தியா?" என்று ஒரு நாள் அப்பா தாவீது கேட்டார். அவர் அங்கேயே ஓர் இரும்பு உருக்காலையில் வேலை செய்பவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாளே போனாள். முகப்பில் பெரிய வளைவு, பளபளவென்று திறப்புவிழாக் கல்வெட்டு, பூட்டிய கேட்டு. பக்கத்து மண்மேட்டில் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேலிக்காத்தான் புதரும் நாலைந்து ஆடுகளும் இருந்தன. தொட்டி இல்லை, குழாய் இல்லை, மோட்டார் இல்லை. நிலையம் என்பதே அந்த முன்சுவர்தான். சந்தோஷம் தாங்காமல் செல்போனில் படம் படமாக எடுத்துத் தள்ளினாள்.

படத்தைப் பார்த்த சடையப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னாம்மா இது? இந்தக் காண்ட்ராக்ட எடுத்தது யாருன்னு தெரியுமா? அன்புராஜ். மந்திரிக்கு வலது கை. நம்ம கடைசிப் பக்க விளம்பரமும் அவருதுதான். இத்தப் போட்டா நாளைக்கு நீயும் நானும் கீழ அண்டாவுல லெக் பீஸா கெடப்போம்."

"அப்ப உண்மைய இன்னா சார் பண்றது?"

"உண்மை எங்கயும் ஓடிடாது. நீ மொதல்ல ஒரு பேய் எழுதிக் குடு. மூணு வாரமா பேயே வர்லன்னு ஏஜெண்டுங்க பேஜாரு பண்றாங்க."

கிறிஸ்டினா கோபத்தோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளைக்குள் கோபம் கட்டுரையாகிவிட்டது. 'மோட்டார் தின்னும் மோகினி! பட்டப்பகலில் பகீர்!' என்று தலைப்பு. உச்சிவெயிலில் ஒரு மோகினி வருகிறாளாம். ராட்சத மோட்டார்கள், பம்புகள், குழாய்கள், கான்கிரீட் தொட்டி என்று ஒன்று விடாமல் விழுங்கிவிட்டாளாம். இப்போது அந்த இடத்தில் வெறும் புதர்தான் மிச்சமாம்.

சடையப்பன் முதல் பத்தியோடு உருகிவிட்டார். "நட்டு போல்ட்ட கூடவா வுடல?"

"வுடல சார்."

"பிரமாதம்!" என்று அச்சுக்கு அனுப்பினார். இடத்தின் பெயர் ஐந்தாவது பத்தியில் இருந்தது. அவ்வளவு தூரம் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இதழ் வந்த அன்றே ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் ஜனம் வந்து இறங்கியது. பள்ளிப்பட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். சுவருக்கு முன்னால் தர்பூசணிக் கடையும் எலுமிச்சம்பழக் கடையும் முளைத்தன. துணிந்தவர்கள் சுவர் ஏறி உள்ளே குதித்தார்கள். 'இப்போது கேள்வி கேட்பார்கள், இப்போது கேட்பார்கள்' என்று கிறிஸ்டினா கூட்டத்துக்குள் காத்து நின்றாள்.

"மெய்யாலுமே ஒண்ணத்தையும் காணோம்பா! சுத்தமா துன்னுடுச்சு!" என்று வியந்தார் ஒருவர். ஓர் அம்மாள் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்டினாவுக்கு அழுகை வந்தது. அதைவிட மோசம் மறுநாள் நடந்தது. அலுவலக வாசலில் வெள்ளைக் கார் வந்து நிற்க, சடையப்பன் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அன்புராஜ் படியேறி வந்தார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தோளில் சால்வையைப் போர்த்தினார்.

"தங்கச்சி, என் வயித்துல பாலை வார்த்தம்மா! கணக்குப் பாக்க ஆடிட்டருங்க வர்றாங்களேன்னு தூக்கமே இல்லாம இருந்தேன். பேய் துன்னுடுச்சுன்னு ஊரே சாட்சி சொல்லுது. அடுத்த வாரமும் ஒரு கட்டுரை போடு."

அவர் போன பிறகு அவள் சால்வையைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைக்கூடையில் திணித்தாள். தன் பேனாவாலேயே திருடனுக்குக் காவல் போட்டுவிட்டோமே என்று மனசு ஆறவில்லை.

ஆனால் கூட்டம் அடங்கவில்லை. தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் முடங்கின. மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்று கருப்புச்சட்டைக்காரர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். மேலிடத்து உத்தரவின் பேரில், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான துறையின் செயற்பொறியாளர் வெங்கடேசன் டி.வி.க்காரர்களைக் கூப்பிட்டு அந்தச் சுவர் முன்னாலேயே விளக்கம் தர வந்தார். பயந்த சுபாவம் உள்ளவர். வெயிலில் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"பேய் என்பதெல்லாம் வதந்தி. எந்த மோட்டாரையும் எந்தப் பேயும் தின்னவில்லை" என்று படித்தார்.

கிறிஸ்டினா மைக்குகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள். "கண்டிப்பா தின்னலியா சார்?"

"தின்னல மேடம்."

"ஒரே ஒரு சின்ன மோட்டாரு?"

"ஒண்ணு கூட தின்னல!"

"அப்ப மோட்டார்லாம் எங்க சார்?"

வெங்கடேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா நீங்க! மோட்டாரே வைக்கல, அப்புறம் எப்படித் தின்னும்?"

தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர் கூடக் கத்தியை நிறுத்தினார். எல்லா டி.வி.யிலும் அது நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. லஞ்ச ஒழிப்புக்காரர்கள் அன்புராஜை அவர் வீட்டுப் பூஜையறையிலிருந்து அழைத்துப் போனார்கள். அமைச்சர், தான் ரிப்பனை மட்டுமே பார்த்ததாகவும் பின்னால் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை என்றும் அறிக்கை விட்டார். ஒரு வாரத்தில் பதவி போயிற்று. சடையப்பன் 'உயிரைப் பணயம் வைத்து உண்மையைத் தேடிய நம் ஆசிரியர்' என்று தன் படத்தையே அட்டையில் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்டினாவுக்கு வெங்கடேசன் நினைவுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அவரையும் சஸ்பெண்டு செய்திருந்தார்கள். ஒரு மாலை கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தபோது ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவரே கை தட்டிக் கூப்பிட்டு டீ சொன்னார்.

"சாரி சார், என்னாலதான்..."

"விடுங்க மேடம். வேலை முடிஞ்சுதுன்னு குடுத்த சர்டிபிகேட்ல வேணாம் வேணாம்னுதான் கையெழுத்துப் போட்டேன். அன்னிலேர்ந்து நெஞ்செரிச்சல். டிவியில வாய் தவறி வந்துச்சு பாருங்க, அன்னியோட நின்னுடுச்சு." டீயை ஆற்றிக்கொண்டே தயங்கினார். "கோர்ட்டுல கூப்பிட்டா எல்லாத்தையும் சொல்லிடறதா இருக்கேன். நீங்க அதைப் பத்தி எழுதுவீங்க இல்ல?"

"கண்டிப்பா எழுதுவேன் சார்."

"அப்ப நல்ல போட்டோவா போடுங்க. எல்லா டிவியிலயும் நான் வாயைப் பொளந்துட்டு நிக்கறதையே காட்டறாங்க. ஊட்டுக்காரம்மா ரொம்பத் திட்டறா."

கிறிஸ்டினா செல்போனை எடுத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்து, தலையைக் கையால் படிய வாரிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்.