வேலியோரத்து வெறும் மணல்

…அந்த ஓரத்தைத் தவிர மற்றதெல்லாம் பச்சை, யார் வந்து பார்த்தாலும் பச்சைதான், அம்மா கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாலும் பச்சைதான், இன்றைக்கு அவள் வாயைத் திறக்க முடியாது என்று சுதர்ஷினி ரப்பர் குழாயின் முனையைப் பெருவிரலால் அழுத்தித் தண்ணீரைச் சீறவிட்டாள். ஹாலிஎல சந்தியில் இறங்கியதும் போன் பண்ணுகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள், பண்ணமாட்டாள், ரெங்கம்மா எந்தக் காலத்தில் சொன்னதைச் செய்தாள்… வந்து இருக்கிறேன் என்றும்தான் சொன்னாள். வீடு கட்டிக் குடிபுகுந்த நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் மகள். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறாய், போன மழையில் சாக்கடைக் கானுக்குள் வழுக்கி விழுந்து யாராவது வந்து தூக்கும்வரை தண்ணீரிலேயே கிடந்தாயே, அடுத்த தடவை யாரும் வராவிட்டால்? ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. கோயில் தூரம், ஆட்கள் பழக்கமில்லை, கடைசியில் மணல். "வாசல் முழுக்க மணலா கெடக்கு, வெயில்ல கண்ணு கூசுது. தொர பங்களா மாதிரி புல்லு வளத்துக் காட்டு, வந்து இருக்கேன்." கிண்டலுக்குத்தான் சொன்னாள். மகள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், அம்மா நகரமாட்டாளா?

மணல் என்றால் லேசுப்பட்ட மணலா, ஆறு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மணல், எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைப் பானை. முதல் தடவை நிஷாந்த் வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியில் புல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தான், புருஷனும் பெண்டாட்டியுமாக அப்படியே மணலில் குத்தினார்கள், ஒரு கிழமைக்குள் வைக்கோல். கல் பதித்துவிடலாம் என்றான் அவன். கல்லா? அம்மா கல் கேட்டாளா? பக்கத்து வீட்டு றமீலாவின் மாட்டுக்கொட்டிலில் இருந்து மக்கிய சாணி, தேங்காய்த் தும்புத்தூள், உக்கிப்போன இலைதழை, எல்லாவற்றையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, கணுக் கணுவாகப் பிரித்து நெருக்கி நட்டு, பலகையைப் போட்டு அமுக்கி… முதலில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர், வேர் பிடித்ததும் விட்டு விட்டு, ஆனால் ஆழமாக இறங்கும்படி. எந்நேரமும் ஊட்டிவிட்டால் வேர் ஏன் கீழே தேடிப் போகப்போகிறது, பிள்ளை வளர்ப்பும் அப்படித்தானே. உரமும் சிட்டிகை சிட்டிகையாக, மொத்தமாகப் போட்டால் ஆறுதான் தின்னும். வெட்டுவதைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டவுனில் பார்லர் வைத்திருக்கிறவள், எத்தனை தலை பார்த்த கை, மொட்டை அடிக்கக் கூடாது, நுனியை மட்டும் எடுக்க வேண்டும், வெட்டி விழுந்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். உரச் சாக்கை விரித்து அதன்மேல் முட்டிபோட்டு, சாக்கை நகர்த்தி நகர்த்திக் கத்தரித்தாள். சாக்கை எடுத்ததும் அமுங்கின புல்லைத் தடவி நிமிர்த்திவிட்டாள்.

ஆனால் இந்த ஓரம். கேட்டில் தொடங்கி வேலியை ஒட்டியே போய், மூலையில் திரும்பி, கதவடியில் முடிகிற ஒரு முழ அகலம். அதே சாணி, அதே தண்ணீர், எத்தனை தடவை மறுபடி நட்டாயிற்று, பிடித்த மாதிரி இருக்கும், பிறகு மணல் பல்லைக் காட்டும். மேசன்மார் கொட்டின சீமெந்தாக இருக்குமோ, தோண்டிப் பார்த்தாள், இல்லை. வேலி நிழலா, காலை வெயில் நன்றாக விழுகிறதே. றமீலாவின் கோழிகள்தான் என்று ஒருநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். அந்த றமீலாவும் சரியான ஆள்தான், கிண்ணத்தில் வட்டிலப்பத்தை ஏந்திக்கொண்டு, செருப்புக் காலோடு புல்லின் நட்டநடுவால் நேரே வந்துவிடுவாள், இது என்ன பழக்கம், சொல்லவும் முடியாது, சாணி கொடுத்தவள். அவள் மிதித்த புல்லோ மறுநாளே நிமிர்ந்து நிற்கிறது, வெட்கங்கெட்ட புல்.

பங்களாப் புல் இதைவிடப் பச்சையா? இருக்காது. அங்கே அம்மா வரிசையில் சாக்கின்மேல் முட்டிபோட்டுக் களை பிடுங்குவாள், சின்னப் பிள்ளையாகச் சுதர்ஷினி போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவாள், அம்மா நிமிராமலே நாடியை நீட்டிக் காட்டுவாள், அப்படிப் போ, வேலியோரமாக… பெரிய நாய் ஒன்று இருந்தது, துரைக்கு முன்னால் அது புல்லில் ஓடும். அந்தப் புல்லின் வாசனை, ஆமாம், இதே வாசனைதான், அம்மாவுக்கு மூக்கில் ஏறினால் போதும்.

ஆட்டோ வந்து நின்றது. போன் பண்ணவில்லை, பார்த்தாயா. ரெங்கம்மா ஒரே ஒரு பையோடு இறங்கினாள், சின்னப் பைதான், பரவாயில்லை, மற்றதை நிஷாந்த் லொறியில் ஏற்றிக்கொண்டு வருவான். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்று பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "வளத்துட்டியே" என்றாள். சுதர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது, ஜெயித்தாயிற்று, இனி என்ன சாட்டுச் சொல்வாள்? அப்போது அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், கேட்டுக்குள் வந்து இடதுபக்கம் திரும்பினாள், வேலியை ஒட்டி, அந்த ஒரு முழ மணலில், அளந்து வெட்டினதுபோல் அவளுக்குப் போதுமாக இருந்த மணலில் நடந்து வந்தாள்.

"நேரா வாம்மா, புல்லு மேல."

"இருக்கட்டும், ஓரமாவே வாரேன்."

"நம்ம புல்லும்மா."

"அதான் சொல்றேன். இவ்ளோ நல்லா வந்திருக்கு, எதுக்கு மிதிக்கணும்?"

அம்மாவை எதிர்கொள்ளக் கதவடியிலிருந்து சுதர்ஷினியும் வெறுங்காலோடு நடந்தாள், குழாய் பின்னால் இழுபட்டது, மூலையில் திரும்பும்போதுதான் காலுக்கடியில் பார்த்தாள், மணல். மணலில் நிஷாந்தின் சப்பாத்துத் தடம், தன்னுடைய செருப்புத் தடம், போனது, வந்தது, ஒன்றின்மேல் ஒன்று. கோழியும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஓரமாக நடக்கச் சொல்லி அவனுக்கு யார் சொன்னது? எனக்கு யார் சொன்னது? என் வாசலில் எந்தத் துரை நிற்கிறான்? வெட்கமாக இருந்தது, கோபம் வந்தது, கோபம் அம்மாமேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இப்படி ஓரமாக வருகிறவள் இந்த வீட்டில் எங்கே உட்காருவாள், மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு இதே ஓரமாகத்தானே திரும்பிப் போவாள்.

அம்மாவின் கையைப் பிடித்துப் புல்லின் பக்கம் திருப்பினாள். ரெங்கம்மா கையை உருவிக்கொள்ளவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல நட," என்றாள். "பாக்குறேன்."

நடந்தால் போயிற்று, இதென்ன பெரிய காரியம், நான் நட்ட புல், நான் வெட்டின புல்… சுதர்ஷினி வலது காலை எடுத்துப் புல்லின்மேல் வைத்தாள். ஈரம் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. வைத்த காலை அவள் இன்னும் அழுத்தவில்லை.