நைலான் புல்

மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கிறவனுக்கு மரத்தூளுக்கா பஞ்சம்? மூக்கில், காதில், சாப்பாட்டு டப்பாவில், படுத்தால் தலையணையில்கூட அதுதான். ஆகவே போர்க்களத்துக்குப் புல் வேண்டும் என்றதும் அவன் ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு பை தூளை அள்ளிவந்தான். கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்டில் பிசைந்து காயவைத்து, பலகையில் பசை தடவிக் கொட்டினான். ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறைக்குப் போனான்.

அந்த அறையில் வாரம் ஒருமுறை ஏழெட்டு ஆண்கள் கூடிப் போர் நடத்துவார்கள். சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள சிப்பாய்கள், பகடை, தையல்காரர் டேப். ஒருவன் படையை நகர்த்துவான், எதிராளி பகடை உருட்டுவான், மூன்று மணி நேரத்தில் ஒரு ராஜ்யம் மண்ணோடு மண்ணாகிவிடும். சிப்பாய்களை வார்ப்பவர் பல்செட் செய்கிற தொழிலாளி. வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அவர் ‘பல்லண்ணன்’. எப்போதும் தோற்கிற பக்கம் நிற்பவன் ஆம்புலன்ஸ் டிரைவர். இவனுக்கு அங்கே ‘ரம்பம்’ என்று பெயர். மில்லுக்காக வைத்ததுதான், ஆனால் இவன் அறுவைப் பேச்சுக்காக வைத்தது என்று பல்லண்ணன் சொல்வார்.

பலகையைப் பார்த்ததும் பல்லண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“என்னப்பா ரம்பம், பாசி புடிச்ச தொட்டிய கழுவாம அப்படியே தூக்கிட்டு வந்துட்ட?”

“புல்லுண்ணே.”

“புல்லா? என் ஆளுங்க இதுல வழுக்கி விழுந்தே செத்துருவானுங்களே. எதிரி எதுக்கு?”

“நான் வேணா போய் வண்டிய எடுத்துட்டு வரவா?” என்றான் டிரைவர்.

அறையே சிரித்தது. ரம்பமும் சிரித்துவைத்தான். நாள் முழுக்க மரத்தடி சுமக்கிறவனுக்கு அந்த அறை ஒன்றில்தான் மூளை இருக்கிறவன் என்ற மரியாதை. அதிலும் மண் விழுந்தால் எப்படி?

வீட்டுக்கு வந்து பலகையைச் சுவரில் சாத்தினான். மனைவி சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவள். அவள் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும், அன்றைக்கு ஊதா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“என்ன இது?”

“புல்லு.”

“இதுல எந்த மாடு வாய வைக்கும்? புல்லுன்னா பச்சையா இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“பின்ன, செவப்பாவா இருக்கும்?”

“நீங்க புல்ல பாத்திருக்கீங்க. நான் அறுத்திருக்கேன்.”

உண்மைதான். எட்டு வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை அவள் புல்லறுத்துத் தலைச்சுமையாக விற்றவள். அதில் அவளுக்குப் பாசம் ஒன்றும் இல்லை. புல் என்றாலே உள்ளங்கை எரியும் என்பாள். ஆனால் கடன்காரனின் நடையைத் தெரிந்து வைத்திருப்பதுபோல அதைத் தெரிந்து வைத்திருந்தாள். எந்த மாதத்தில் நுனி காயும், எந்த மாதத்தில் அடி மஞ்சளாகும், சுவர் ஓரத்தில் ஏன் நீளமாக வளரும், மேட்டில் ஏன் சொட்டையாகும், எல்லாம்.

மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. நைலான் நூல் கழிவு, குப்பைக்குப் போகிற துண்டுகள். கூடவே பாட்டில்களில் மிஞ்சிய சாயத் தண்ணீர். பச்சை ஒன்று, காவி ஒன்று, வைக்கோல் மஞ்சள் ஒன்று. தனித்தனியாக நனைத்துக் காயவைத்து, கத்தரிக்கோலால் அரிசி நீளத்துக்கு நறுக்கினாள். சிலதை அரை அரிசி நீளத்துக்கு. “எல்லாம் ஒரே உயரத்துல நிக்க இது என்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களா?” என்றாள். காய்ந்த டீத்தூளை மண்ணாகத் தூவினாள். அவன் கொண்டுவந்த மரத்தூளும் வீண்போகவில்லை. மாவு சல்லடையில் சலித்து, காவியில் நனைத்து, புல்லுக்கு அடியில் சருகாக்கினாள்.

அவன் பங்கு கருவி. கொசு அடிக்கிற பேட்டைப் பிரித்து, ஒரு வயரை டீ வடிகட்டியில் கட்டினான். இன்னொரு வயரை ஓர் ஆணியில் சுற்றி ஈரப் பசையில் குத்தினான். வடிகட்டியில் நைலான் துண்டுகளைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே பலகைமேல் ஆட்டினால், ஒவ்வொரு இழையும் மின்சார இழுப்பில் விழும்போதே நிமிர்ந்து நிற்கும். முதல் தடவை அது நின்றபோது இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“அட, மயிர்க்கூச்செடுத்த மாதிரி நிக்குதுங்க!” என்றாள் அவள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, உங்க அக்கா போன் பண்ணினாங்க என்பதைத் தாண்டி இரண்டு பேருக்கும் பேச்சு ஓடியதில்லை. சண்டை கிடையாது, பேச விஷயமும் கிடையாது, அவ்வளவுதான். பலகை செய்த அந்த மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வாய் ஓயவில்லை. அவன் மாடி அறைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டான். பட்டறை மேஸ்திரி நடப்பதை அவள் நடித்துக் காட்டுவாள். அவன் பசைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பான். ஒருநாள் தலைமுடியில் ஒட்டிய பச்சை இழைகளோடு வேலைக்குப் போய்விட்டாள். “தலையில புல்லு விதைச்சிருக்கியா?” என்று பட்டறையில் கேட்டார்களாம். அதை வந்து சொல்லும்போது அவள் முகம் பளபளவென்றிருந்தது.

சிறந்த போர்க்களப் பலகை யாருடையது என்று வருஷா வருஷம் நடக்கிற போட்டி, அந்த முறை ஒரு கல்யாண மண்டபத்தில். எட்டு ஊர்க் குழுக்கள், நாற்பது மேசைகள். இருவரும் பலகையைப் பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனார்கள். இறங்கும்போது ஒரு மூலை கம்பியில் இடித்துவிட்டது. மேசையில் வைத்ததும் அவள் பையிலிருந்து பசையையும் பொட்டலத்தையும் எடுத்து, பெயர்ந்த இடத்தில் விரல் நுனியால் புல்லை நட ஆரம்பித்தாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் அவளையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர்.

நடுவர் வந்தார். பெரிய மீசை, கழுத்தில் பூதக்கண்ணாடி. அவர் பின்னால் இவனுடைய ஆட்களான பல்லண்ணன், டிரைவர், கூடவே மற்ற ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். நடுவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஓடைக் கரையில் தடித்து, மேட்டில் மெலிந்து, இடிந்த சுவர் ஓரத்தில் எண்ணெய் காணாத தலைபோல் சிலிர்த்து நின்ற அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இதுவரைக்கும் இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல. யாரு செஞ்சது?”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து எவனோ, “புல்லுக்கே ஜடை பின்னி விட்டிருக்கான்யா!” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் பாசி பிடித்த தொட்டி அவன் நெஞ்சில் இன்னும் காயாமல் இருந்தது. பெண்டாட்டி செய்து கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என்று பெயராகிவிட்டால்?

“நான்தாங்க,” என்றான். “எல்லாம் நானேதான்.”

நடுவர் மேசை மூலையில் நின்றவளைப் பார்த்தார். விரலெல்லாம் பசை.

“இவங்க?”

“வீட்டுல. பலகைய தூக்கிட்டு வரக் கூட வந்தாங்க.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நட்டுக்கொண்டிருந்த இடத்தை நட்டு முடித்தாள். விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டாள்.

முதல் பரிசு அவனுக்குத்தான். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கோப்பை கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கோப்பை அவன் மடியில், பலகை அவள் மடியில். கூட்டம் நெருக்கியது.

“கொடு, நான் வச்சுக்கிறேன்,” என்றான்.

“இருக்கட்டும். அதுக்குத்தானே வந்தேன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். பதிலுக்குக் கத்தி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் சரியாகியிருக்கும். நிறுத்தம் வந்துவிட்டது என்று சொல்வதுபோல அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் டப்பாக்களை எடுத்துப் பரப்பியபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க?”

“ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட் போட்டிருக்காங்க.”

போடவில்லை, அவளாகக் கேட்டு வாங்கியது. இது கடைத்தெருவில் எதிர்ப்பட்ட பட்டறை மேஸ்திரி சொல்லித் தெரிந்தது. “உங்க வீட்டம்மா மாதிரி ஆளு வேணும்யா, ஞாயித்துக்கிழமையும் வரேன்னு அவங்களே கேக்குறாங்க,” என்றார். அன்றைக்கே வீட்டுக்குப் போய், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “குழம்பு மூடி வச்சிருக்கேன்,” என்றாள். அவன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். சொல்ல வேண்டியது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், தொண்டையிலேயே குடித்தனம் வைத்துவிட்டது.

இதற்கிடையில் மாடி அறையில் ஒரு பெரிய பலகை கேட்டார்கள். இரண்டு மேசை அகலம், புல் முழுக்க. சாம்பியன் ஆயிற்றே, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவனே சாயம் கலந்தான், நறுக்கினான், வடிகட்டியை ஆட்டினான். இழைகள் நிமிர்ந்துதான் நின்றன. ஆனால் புல் மாதிரி இல்லை, பல் தேய்க்கிற புது பிரஷ் மாதிரி இருந்தது. மூன்று தடவை சுரண்டி எடுத்தான். நாலாவது தடவை கையில் பசையோடு அடுப்படி வாசலில் போய் நின்றான்.

இப்போது சொல்லிவிடலாம். வேறு யாரும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க?”

“மஞ்சள் எவ்வளவு போடணும்?” என்றான். வாயில் அப்படித்தான் வந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “எழுதிக்கோங்க,” என்றாள். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அவன் எழுதினான். பச்சை ஒரு பிடி என்றால் மஞ்சள் அரைப் பிடி, காவி ஒரு சிட்டிகை. முதலில் குட்டை, பசை பாதி காய்ந்ததும் நெட்டை. ஒரேயடியாகத் தூவக் கூடாது, பூச்சி அரித்த மாதிரி அங்கங்கே விட வேண்டும். பெரிய மரத்தடியில் புல்லே வராது, சருகு மட்டும். ஒன்றையும் அவள் ஒளிக்கவில்லை. அவன் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள், பட்டறையில் புதிதாக வந்த ஆளுக்குச் சொல்வதுபோல.

“அவ்வளவுதான். இதுல வேற ஒண்ணும் இல்ல.”

“நீயும் கூட உக்காரேன்.”

“அதான் எல்லாம் சொல்லிட்டேனே,” என்று எழுந்துபோனாள்.

ஒளித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கெஞ்சவாவது ஏதாவது மிஞ்சியிருக்கும்.

பலகை அருமையாக வந்தது. மாடி அறைக்குக் கொண்டுபோனான். பல்லண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அப்போது அவன் சொன்னான்: “அண்ணே, இது என் வீட்டுல சொல்லிக் கொடுத்தது. அந்தப் போட்டிப் பலகைப் புல்லும் அவ செஞ்சதுதான். நான் வடிகட்டிய மட்டும்தான் ஆட்டினேன்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

“அப்படியா? கெட்டிக்காரம்மா,” என்றார் பல்லண்ணன். “சரி, ஓடையத் தாண்ட எத்தன இஞ்சு?”

“குடுத்து வச்சவன்யா நீ,” என்றான் டிரைவர். “என் வீட்டுல இந்தச் சிப்பாயப் பாத்தா குப்பையில போடுறா.”

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யார் கண்ணிலும் அவன் ஒரு இஞ்சுகூடக் குறையவில்லை. பகடை உருண்டது. போர் தொடங்கியது. இத்தனை சல்லிசாகச் சொல்லி முடிக்கிற வார்த்தையையா அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால் விழுங்கினோம் என்று நினைத்தபோது, அவனுக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னான். “இன்னைக்கு எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன். நீதான் செஞ்சேன்னு.”

“யாரு கேட்டா?” என்றாள். குத்தலில்லை, நிஜமாகவே யார் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. “யாரும் கேக்கல,” என்றான். அவள் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். கையகலப் பலகை ஒன்றில் கம்பியால் பெரிய மரம் ஒன்று செய்து நட்டு, அதன் அடியில் வேண்டுமென்றே புல்லை மண்டவிட்டான். அவளுக்குப் பொறுக்காது என்று தெரியும். இதென்ன கூத்து, பிடுங்குங்க என்று அவள் குனிந்தால் போதும், கத்தினாலும் சரி. அவள் ஷிப்டுக்குப் போகிற வழியில், கதவோரம், முட்டியில் இடிக்கிற மாதிரி ஸ்டூல்மேல் வைத்தான்.

ஞாயிறு மதியம் அவள் வந்தாள். நின்றாள். பார்வை நேராக மரத்தடிக்குத்தான் போனது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வலது கை விரல்கள் லேசாக மடங்கின.

“நல்லாருக்கு,” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு, மரத்தடிப் புல்லை ஒவ்வொரு இழையாகப் பிடுங்க ஆரம்பித்தான்.