இடக்கையால் கூந்தல் முடிகிறவள்

பாட்டில் வரும் பெண் யார் என்று நிருபர் கேட்டபோது புதிமிர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வேற யாரு? என் பொண்டாட்டிதான்” என்றான்.

முந்தைய நாள் பெல்கிரேடில் நடந்த தேர்வில் அவன் மெட்டமைத்த காதல் பாட்டு முதலிடம் பிடித்திருந்தது. அந்த வருஷத்துச் சர்வதேசப் பாட்டுப் போட்டிக்குச் செர்பியாவின் சார்பில் அதுதான் போகப்போகிறது. ஸ்மெதெரெவோவில் அவன் மனைவி கோசரா, தன் முடிதிருத்தும் கடையில் ஒருத்தியின் தலைக்குச் சாயம் தடவிக்கொண்டே தொலைக்காட்சியில் இந்தப் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கோசராவின் கையில் இருந்த தூரிகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால் பாட்டு இப்படித்தான் தொடங்கும்: ‘படகுத்துறையில் நின்று இடக்கையால் ஈரக்கூந்தலை முறுக்கி முடிகிறவளே, உன் பெயரை ஆற்றுக்கு மட்டும்தான் சொல்வேன்.’

கோசராவின் முடி காதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இடக்கையால் அவளுக்கு ஒரு ஸ்பூனைக்கூட ஒழுங்காகப் பிடிக்க வராது.

“ஏன்டி, உனக்கு எப்போ கூந்தல் இருந்துச்சு?” என்று தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ரூமென்கா கண்ணாடி வழியாகக் கேட்டாள். “நாங்க பாக்காதப்ப முளைச்சதா?”

“கவிதைன்னா அப்படித்தான் இருக்கும். உன் புருஷன் உன்னைப் பத்தி எழுதுனா இடுப்பு இருக்குன்னு எழுத மாட்டானா?” என்று கோசரா திருப்பிக் கொடுத்தாள். கடை சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு ரூமென்காவின் தலையில் சாயம் அரைமணி நேரம் கூடுதலாக ஊறிவிட்டது.

சாயங்காலம் புதிமிர் வீட்டுக்கு வந்ததும் அவள் நேரடியாகவே கேட்டாள். “யாரு அவ?”

“எவ?”

“படகுத்துறையில நிக்கிறவ.”

புதிமிர் இசைப்பள்ளியில் பியானோ சொல்லித்தருகிறவன். சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே நிதானத்தோடு, “அது சும்மா ஒரு பாட்டு, கோசரா” என்றான். அந்த நிதானம்தான் அவளை எரித்தது. உண்மையிலேயே ஒன்றும் இல்லாவிட்டால் இவன் கத்தியிருப்பான். பதினெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் தப்பாகவே தெரிந்தது. போன் வந்தால் அவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டால் பாடகன் ரெல்யா பேசினான் என்பான். ரெல்யா வேற்று ஆள் இல்லை. கோசராவின் தங்கை ஜகோதாவுக்குக் கொழுந்தன். ஜகோதாவின் புருஷன் நான்கு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் தம்பிதான் ரெல்யா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுவான், வார இறுதியில் உணவகங்களில் பாடுவான். அவனோடு பேச எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

கடைக்கு வருகிறவர்களில் யாருக்கு நீளக்கூந்தல், யார் இடக்கைக்காரி என்று கோசரா கவனிக்கத் தொடங்கினாள். இரண்டும் உள்ளவள் ஒருத்திதான் அகப்பட்டாள், மருந்துக்கடை த்ரகீனியா. அவள் தலை அலச வந்தபோது கோசரா தண்ணீரைக் கொஞ்சம் சூடாகவே திறந்துவிட்டாள்.

“பாட்டு கேட்டியா?”

“கேக்காம? அழுதே போயிட்டேன்” என்றாள் த்ரகீனியா கண்ணை மூடியபடி.

“நீ எதுக்கு அழணும்?”

“என் வீட்டுக்காரன் இருவது வருஷமா என்னைப் பாத்து ‘சூப்பு ஆறிடுச்சு’ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கான். உனக்கு வாய்ச்ச மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்ச்சானா? ஐயோ, தண்ணி கொதிக்குதுடி!”

அந்த அழுகையில் பொய் இல்லை. கோசரா தண்ணீரைக் குளிரத் திறந்தாள். அவள்மேல் இருந்த சந்தேகம் அதோடு போனது. ஆனால் சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனது அதைவிட மோசமாக இருந்தது. இப்போது தெருவில் போகிற எவள்மேலும் கண் போயிற்று.

தன் மனக்குமைச்சலை எல்லாம் அவள் கொட்டியது ஜகோதாவிடம்தான். ஜகோதா காபியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொள்வாள். “அத்தான் அப்படிப்பட்டவர் இல்லக்கா, விட்டுடு” என்று மட்டும் சொல்வாள். அவ்வளவு அக்கறையாக ஒரு தங்கை இருக்கிறாளே என்று கோசராவுக்கு ஆறுதலாக இருந்தது.

மே மாதத்தில் புதிமிரும் ரெல்யாவும் போட்டிக்காக வடக்கே விமானம் ஏறினார்கள். இறுதிச் சுற்று நடந்த சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று கோசரா ஒரு தட்டு நிறைய பாலாடைக்கட்டி வைத்த கிபனிட்சா சுட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். முன்கதவு தாழிடாமல் இருந்தது. ஜகோதா பின்முற்றத்தில் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு நின்றிருந்தாள். முதுகு காட்டி நின்றவள், இடுப்புவரை தொங்கிய ஈரக்கூந்தலை இடக்கையால் ஒரே முறுக்காக முறுக்கி, உச்சியில் சுருட்டி, வாயில் கவ்வியிருந்த சீப்பைச் சொருகினாள்.

கோசரா தட்டைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள். தங்கை எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கையால்தான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் திட்டித் திட்டி மாற்றிவிட்டார்கள். தலை பின்ன வேண்டுமென்றால் எப்போதும் அக்காவின் கடைக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளாக முடிந்துகொள்வதைக் கோசரா பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

“எவ்வளவு நாளா நடக்குது?”

ஜகோதா திடுக்கிட்டுத் திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே உட்கார்ந்துகொண்டாள்.

“ரெண்டு வருஷமா... உனக்கு யாருக்கா சொன்னா?”

“வெக்கமா இல்ல? ஊர்ல வேற ஆம்பளையே கிடைக்கலையா?”

“நானும் எவ்வளவோ தள்ளித் தள்ளிப் போனேன். மனசு கேக்கல.”

“மனசு கேக்கலையாம்! எனக்குக் காபி ஊத்திக் குடுத்துக்கிட்டு, என் கண்ணீரைப் பாத்துக்கிட்டு... என் வீட்டு ஆம்பளைடி அவன்!”

ஜகோதா விழித்தாள். “உன் வீட்டு ஆம்பளையா? அவர் என் வீட்டு ஆம்பளை இல்லையா? என் கொழுந்தன்தானே?”

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கொக்கரித்தது. கோசரா மெதுவாக, “ரெல்யாவா?” என்றாள்.

“நீ யாரை நினைச்ச?” என்று கேட்ட ஜகோதா, பதில் வருவதற்கு முன்பே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா! அத்தானையா?”

அழுகையும் சிரிப்புமாக அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியவர் என்று புதிமிரின் பெயரைப் போட்டிருந்தாலும் வார்த்தைகள் ரெல்யாவுடையவை. மெட்டு மட்டும்தான் புதிமிருடையது. இறந்துபோன அண்ணனின் மனைவியைக் கட்டிக்கொள்ளத் தேவாலயம் சம்மதிக்காது. ரெல்யாவின் அம்மா ஸ்தோயானா இன்னும் மூத்த மகனுக்காகக் கருப்பு உடுத்துகிறவள், தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள். அதனால் யார் கேட்டாலும் தன் மனைவி என்றே சொல்லிவிடுவதாகப் புதிமிர் வாக்குக் கொடுத்திருந்தான்.

கோசராவுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று குத்தியது. “எனக்குச் சொல்லியிருக்கலாமே. என் புருஷனுக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாதா?”

ஜகோதா தரையைப் பார்த்தாள். “உன் கடையில ஒரு வார்த்தை விழுந்தா மத்தியானத்துக்குள்ள துறைமுகம் போயிடும்னு அத்தான் சொன்னார். நானும்... அப்படித்தான் நினைச்சேன்.”

இரண்டரை மாதமாக அவள் ஊர்ப் பெண்களை எல்லாம் சந்தேகப்பட்டாள். புருஷனும் தங்கையும் சந்தேகப்பட்டது அவள் ஒருத்தியின் வாயை. கோசராவால் கோபப்பட முடியவில்லை, ரூமென்காவின் இடுப்பைப் பற்றிக் கடையில் தான் அடித்த கிண்டல் ஞாபகம் வந்தது. கிபனிட்சாவை எடுத்து ஒரு துண்டு தங்கைக்குக் கொடுத்தாள், ஒரு துண்டைத் தான் தின்றாள். அது ஆறிப்போயிருந்தது.

பாட்டு ஒன்பதாவதாக வந்தது. பக்கத்து நாட்டுக்காரர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள், நடுவர்கள் கிள்ளிக் கொடுத்தார்கள். ஸ்மெதெரெவோவுக்கு அதுவே போதுமாக இருந்தது. திங்கட்கிழமை காலை கோட்டைக்கு எதிரே ஊதுகுழல் வாத்தியங்களோடு வரவேற்பு வைத்தார்கள். புதிமிர் மேடையில் நின்றபடி மனைவியின் முகத்தையே பார்த்தான். அதில் அவனுக்கு ஒன்றும் புரிபடவில்லை.

ஒரு நிருபர் ஒலிவாங்கியைக் கோசராவிடம் நீட்டினான். “உண்மையைச் சொல்லுங்க, அந்தப் பொண்ணு நீங்கதானா? முடி ரொம்பக் குட்டையா இருக்கே!”

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் ரெல்யாவின் அம்மா ஸ்தோயானா கருப்பு உடையில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜகோதா வெளுத்துப்போய் நின்றாள். மேடையில் ரெல்யா எதையோ சொல்ல வாயைத் திறந்தான்.

“நான்தான்” என்றாள் கோசரா முந்திக்கொண்டு. “கல்யாணத்துக்கு முன்னாடி இடுப்புவரைக்கும் இருந்துச்சு. இவரோட குடித்தனம் பண்ணித்தான் இப்படி ஆயிடுச்சு.”

ஊரே ஆரவாரம் செய்தது. புதிமிர் நீண்ட பெருமூச்சு விட்டான். வாத்தியக்காரர்கள் மறுபடியும் ஊதத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஸ்தோயானா தடியை ஊன்றிக்கொண்டு கோசராவின் பக்கத்தில் வந்தாள்.

“நல்லாப் பொய் சொல்ற.”

“என்ன சொல்றீங்க அத்தை?”

“என் புள்ள குளிர்காலம் முழுக்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் அவ வீட்டு விறகைப் பொளந்து போடுறான். என் வீட்டு விறகு நனைஞ்சு கிடக்குது. எனக்குக் கண்ணு இல்லைன்னு நினைச்சியா?”

கிழவியின் முகத்தில் கோபமா வேறெதுவா என்று தெரியவில்லை.

“பாதிரியார் ஒத்துக்க மாட்டாரு. நானும் அவ்வளவு சுலபமா ஒத்துக்க மாட்டேன்” என்றாள் ஸ்தோயானா. “ஆனா ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன். அதை விட்டுட்டு ஐரோப்பா பூராவும் பாடிக்காட்டுறான்! உன் தங்கச்சிகிட்டச் சொல்லு. நாளைக்குக் காலையில வரட்டும். தனியா வரட்டும்.”

ஜகோதா மறுநாள் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. ஆகஸ்டில் நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. ஸ்தோயானா கருப்பு உடையிலேயே வந்தாள், விருந்துக்கு இருக்கவில்லை. ஆனால் போகும்போது மருமகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

கோசரா அதுவரை கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று மாதம் தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று புதிமிரிடம் மட்டும் தினமும் சொல்லிக் காட்டினாள். அவன் எதிர்த்துப் பேசாமல், காபியைப் போட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.